வெள்ள இழப்பைப் பதிவில் ஏற்றிய கதை

வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் முதலில் வீட்டைக் கழுவத் தொடங்குவோம். அதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் படம் எடுத்துவிடுங்கள். இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் 2018 டிசம்பர் 21 இரவு மழை கொட்டி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளும் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்றங்கரை ஊர்களுக்குள் தண்ணீர் ஏறியபோது முரசுமோட்டையில் எங்கள் வளவும் தப்பவில்லை.

எங்களுக்கு அது ஒரே வெள்ளம். பதிவில் அப்படி இல்லை. வீட்டுச் சேதம் கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. வயல் அழிவை விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் சொல்ல வேண்டும். செத்த மாட்டைக் கால்நடை வைத்தியர் பார்த்து எழுதித் தர வேண்டும், ஆகவே அவர் வருமுன் புதைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் நல்லது.

காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் கேட்பார்கள். போர்க்கால இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எங்கள் வன்னிப் பகுதியில் எத்தனை பேர்! பக்கத்து வீட்டு அக்காவிடம் காணிப் பத்திரமே இல்லை. அவர் அங்கேதான் குடியிருக்கிறார் என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்தி எழுதியதால் அவருடைய பெயரும் ஏறியது. அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்பதில் கவனமாக இருங்கள். எங்கள் கூரை அப்படியே நின்றது, ஆனால் பின்பக்க அத்திவாரம் அரித்துச் சுவர் வெடித்திருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தபோது தம்பி அவரைப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டியிராவிட்டால் அது படிவத்தில் வந்திராது.

பதிவு வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அங்கிருந்த உத்தியோகத்தரிடம் கேட்டார்: "தம்பி, கதவு திறந்து வந்த தண்ணியை இயற்கை அனர்த்தம் எண்டு எப்பிடி எழுதுறது?"

"அணை உடையேல்லைத்தானே ஐயா, மழைத் தண்ணிதானே. வெள்ளம் எண்டுதான் போடுவம்" என்றார் உத்தியோகத்தர்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை, பிறகு தேடிப் படித்தேன். எங்கள் நாட்டின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பட்டியலில் வெள்ளம், சூறாவளி, வரட்சியோடு இரசாயன விபத்து, எண்ணெய்க் கசிவு, வெடிப்பும் இருக்கின்றன. பெல்ஜியத்தில் 1988இல் தொடங்கிய எம்-டாட் என்ற, அனர்த்தங்களைப் பதியும் உலகத் தரவுத்தளம் இவற்றை இயற்கை, தொழில்நுட்பம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மழை வெள்ளம் இயற்கைப் பக்கம், அதிலும் நீரியல் பிரிவு. கப்பல் விபத்தும் இரசாயனக் கசிவும் மற்றப் பக்கம். அந்தத் தரவுத்தளத்தில் ஒரு நிகழ்வு ஏறக் குறைந்தது 10 பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரகால நிலை அறிவிப்போ சர்வதேச உதவிக் கோரிக்கையோ வேண்டும்.

மினி சூறாவளி வந்து ஒரு ஊரில் நாலு கூரையைத் தூக்கிப்போனால் அந்த உலகத் தரவுத்தளத்துக்கு அது நடக்கவேயில்லை. ஆனால் இலங்கைக்கென உள்ள டெஸ்இன்வென்டார் தரவுத்தளத்துக்கு அப்படிக் கீழ் எல்லை கிடையாது, ஒரு வீடு சேதமானாலும் ஏறலாம். அதற்கும் கீழிருந்து யாராவது எழுதி அனுப்ப வேண்டும். வன்னியின் இழப்புகள் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னதாக வருபவை. அதனால் நட்டஈடு கிடைக்காது என்று தெரிந்தாலும் பதியுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடிதம் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.