பூமலையும் பால்கனி ஆர்க்கிட்களும்

சிங்கப்பூர் போகிறவர்கள் பெரும்பாலும் பூமலை எனப்படும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அந்தத் தோட்டம்தான் பயணத்தின் முக்கியமான காரணம். சென்னையில் மூன்றாவது மாடி பால்கனியில் பல வருடங்களாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். டென்ட்ரோபியம் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஃபெலனாப்சிஸோ இலை விடுகிறது, வேர் விடுகிறது, பூ மட்டும் விடமாட்டேன் என்கிறது. நம்மைப் போலவே புழுக்கத்தில் கிடக்கும் ஊரில் ஆயிரக்கணக்கான வகைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க ஆசை.

தோ பாயோவில் சித்தி வீட்டில் தங்கினேன். "காலையிலேயே போயிடுப்பா, வெயில் ஏறினா நடக்க முடியாது" என்று சித்தி விரட்டிவிட்டார். பூமலை ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆர்க்கிட் தோட்டம் வரை நல்ல நடை. நடக்க முடியாதவர்கள் நேப்பியர் நிலையத்தில் இறங்குவது நல்லது. நான் நடந்தே போனேன், அதில் லாபமும் உண்டு. வழியெல்லாம் பெரிய மரங்கள், கிளைகளில் பெரணி, அதற்கு நடுவே ஆர்க்கிட். டாங்லின் வாசல் பக்கம் 1861-ல் நட்ட புலி ஆர்க்கிட் புதர் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகத்திலேயே பெரிய ஆர்க்கிட் இனம் அதுதான். சிங்கப்பூரின் சொந்த ஆர்க்கிட் இனங்களில் பெரும்பாலானவை காடு அழிந்தபோது கூடவே போய்விட்டன. மிஞ்சியதை ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்து, சாலையோர மரங்களில் திரும்பக் கட்டிவருகிறார்கள். இதைக் கேட்டபோது மனசு நிறைந்தது.

பூமலைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 1995-ல் திறந்த தோட்டம், இயற்கை இனங்கள் ஆயிரத்துக்கு மேல், கலப்பினங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று நிறவாரியாகப் பகுதி பிரித்து நட்டிருக்கிறார்கள். மண்டேலா, தாட்சர், டயானா என்று பிரபலங்களின் பெயர் வைத்த செடிகளுக்குத் தனி இடம் உண்டு, கூட்டமும் அங்கேதான்.

எல்லோரும் பூவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டா வகைகள் முழு வெயிலில் நின்றன. கம்புகளில் கட்டிவிட்டிருந்தார்கள், பாதி வேர் காற்றில் தொங்கியது. தொட்டிகளில் கரி, செங்கல் துண்டு, அவ்வளவுதான். மண் எங்கேயும் இல்லை. ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு மாதிரியான ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெளிறிய சாம்பல் நிறம், தண்ணீர் பட்டதும் பச்சை. அந்த உறை நனைய வேண்டும், அப்புறம் சீக்கிரமே காற்றில் உலரவும் வேண்டும். மண்ணில் புதைத்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

அடுத்து குளிர்வீடு. மலைக்காட்டு ஆர்க்கிட்களுக்காகவே கட்டிய குளிரூட்டிய கூடம் அது. உள்ளே போனதும் கொடைக்கானலில் கால் வைத்த குளிர். என் ஃபெலனாப்சிஸுக்கான பதில் அங்கேதான் கிடைத்தது. அது பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரியை ஒட்டி, அதற்குக் கீழே இறங்க வேண்டும். சென்னையில் மார்கழி, தையில் ராத்திரி மட்டும் கொஞ்சம் இறங்கும், பகலில் ஏறிவிடும். சிம்பிடியம் என்ற இன்னொரு ஆர்க்கிட்டுக்கு இன்னும் குளிர்ந்த இரவுகள் தேவை. மலை ஆர்க்கிட்டை வைத்துக்கொள்ள ஓர் அரசாங்கத் தோட்டமே தனிக் கட்டடம் கட்டி ஏசி போட வேண்டியிருக்கிறது என்றால் நம் பால்கனி எம்மாத்திரம்? நம் ஊர்க் காற்று எந்தச் செடிக்குப் பிடிக்கிறதோ அதை வளர்ப்பதுதான் சரி.

இதற்குப் பெரிய சாட்சி சிங்கப்பூரின் தேசிய மலர். வாண்டா மிஸ் ஜோவாகிம் பிறந்தது பெரிய ஆய்வுக்கூடத்தில் இல்லை, அந்த ஊர்க் காற்றிலேயே, ஒரு வீட்டுத் தோட்டத்தில். தஞ்சோங் பகாரில் வாழ்ந்த அர்மீனியக் குடும்பத்துப் பெண் ஆக்னஸ் ஜோவாகிம், வாண்டா ஹூக்கரியானா, வாண்டா டெரெஸ் என்ற இரண்டையும் கலந்து உருவாக்கினார். பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1893-ல் அதை அறிவித்து, ஆக்னஸின் பெயரையே வைத்தார். ஒரு பூச்சி தற்செயலாகச் செய்த கலப்பு என்று பின்னாளில் சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செடியைக் கையில் வாங்கிப் பார்த்த ரிட்லியே, அந்தப் பெண்மணிதான் கலந்தார் என்று எழுதியிருக்கிறார்.

இதன் அருமை ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். ஆர்க்கிட் விதை வெறும் தூள், உள்ளே சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரையும் சத்துகளும் கலந்த கூழில் (ஊடகம் என்பார்கள்), கண்ணாடிக் குடுவையில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டியதே 1922-ல்தான். பூமலையின் பிற்கால இயக்குநர் எரிக் ஹோல்ட்டம் அங்கே அந்த முறையில் கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கியது 1928-ல். அதற்கெல்லாம் கிட்டத்தட்ட முப்பது வருடங்களுக்கு முன்னாலேயே, குடுவையும் இல்லாமல் ஊடகமும் இல்லாமல் ஒரு பெண் வீட்டில் முளைக்க வைத்துப் பூக்கவும் வைத்திருக்கிறார்! 1981-ல் அந்தப் பூ தேசிய மலரானது.

மறுநாள் ஹில் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அர்மீனிய தேவாலயத்துக்குப் போனேன். 1835-ல் கட்டிய சின்ன வெள்ளைக் கட்டடம். ஆக்னஸின் கல்லறைக் கல் அதன் வளாகத்தில் இருக்கிறது. 1899-ல் இறந்துபோனார். ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கேயும் அவசியம் போக வேண்டும்.

சித்தியின் வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீனப் பெரியவர் நடைபாதைக் கம்பியில் வரிசையாக வாண்டா தொங்கவிட்டிருக்கிறார். மரக்கூடை, அதற்குள் ஒன்றுமே இல்லை, செடி மட்டும். சித்தி என்னை அறிமுகப்படுத்தியதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். காலையில் ஒருமுறை வேர் முழுக்கப் பச்சையாகும்வரை தெளிப்பாராம். சாயங்காலம் தண்ணீர் காட்டமாட்டாராம், ராத்திரி குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகும் என்றார். அன்றாடம் செடியோடு பழகுகிறவரிடம் கேட்பதே தனி.

சென்னைக்காரர்களுக்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். முதல் செடி டென்ட்ரோபியமாக இருக்கட்டும். கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்ட, நிறையத் துளை உள்ள தொட்டி போதும். தேங்காய் மட்டையைப் பலர் சொல்வார்கள். கோடையில் நல்லதுதான், ஐப்பசி அடைமழையில் அதுவே ஈரத்தைப் பிடித்துவைத்து வேரைக் கெடுக்கும். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் வேரில் வெள்ளையாகப் படியும். முடிந்தவரை மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

சேகரிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொன்று. மலைச் சாலைகளில், மரத்திலிருந்து பிய்த்த ஆர்க்கிட்டை யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். கீழே வந்தால் அதில் பாதி பிழைக்காது, காட்டிலும் அந்த இடம் காலியாகிவிடும். நம் காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து செடி கொண்டுவரலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் வருகிறது. அதற்கு மேல், இந்தியாவுக்குள் உயிர்ச்செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிற விஷயம் இல்லை. மிஸ் ஜோவாகிம் நம் ஊர் நர்சரிகளிலேயே தேடினால் கிடைக்கும். பென்சில் போல உருண்ட இலை, அதுதான் அடையாளம். வேரோடு கூடிய தண்டுத் துண்டு ஒன்று போதும், அதிலிருந்தே வளர்ந்துவிடும். நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். நுனி கம்பைத் தாண்டி மேலே போன பிறகுதான் தாராளமாகப் பூக்கும், அதனால் கம்பை ரொம்ப உயரமாக வைக்க வேண்டாம்.