லூவென் பல்கலைக்கழக வரலாறு: வாய்மொழித் தேர்வுக்கு எப்படிப் படிக்கலாம்?

பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நான் முதுகலை படித்தபோது, திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையும் ஒரு பகுதி. தேர்வு வாய்மொழிதான். கேள்வியைக் கொடுத்து, குறிப்பெழுதக் கொஞ்ச நேரம் விடுவார்கள். அப்புறம் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. ஆண்டைச் சொன்னால் போதாது, அடுத்த நொடியே "ஏன்?" என்று வரும்.

அதனால் வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். யார் திறந்தார்கள், யார் மூடினார்கள், எதற்கு என்று பிடித்துக்கொண்டு படியுங்கள். 1425இல் பிரபாண்ட் கோமகன் நான்காம் ஜானும் நகரத்தாரும் கேட்க, திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அனுமதி தந்தார். துணி வணிகம் சரிந்துகொண்டிருந்த நகரத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் இறையியல் கற்பிக்கும் அனுமதி மட்டும் 1432இல்தான் கிடைத்தது. இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

1797இல் பிரெஞ்சுக் குடியரசு மூடியது. 1817இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம் அதே ஊரில் அரசுப் பல்கலைக்கழகம் திறந்தார். பெல்ஜியம் தனி நாடாகி, கல்விச் சுதந்திரம் அரசியலமைப்பில் வந்ததும், ஆயர்கள் 1834இல் மெக்கலனில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கி, மறு ஆண்டு லூவெனுக்கு மாற்றினார்கள். ஆக, "600 ஆண்டுப் பழமை" என்று விளம்பரத்தில் போடுவது எவ்வளவு சரி? எனக்கு இதுதான் இந்தப் பாடத்தின் மிகச் சுவையான கேள்வி. இரண்டு பக்கமும் வாதாடத் தயாராகப் போங்கள்.

நூலகம் 1914இலும் 1940இலும் எரிந்தது. முதல் தீக்குப் பின் அமெரிக்கர்களின் நன்கொடையில் எழுந்த கட்டடம், இரண்டாம் தீக்குப் பின் சீரமைக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. கொடுத்த கல்வி நிறுவனங்களின் பெயர்கள் சுவர்க் கற்களில் இருக்கும். ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டால் அந்தப் பகுதி தானாக மனதில் நிற்கும்.

1968இல் டச்சு, பிரெஞ்சு பேசுவோருக்கிடையே மொழிப் போராட்டம் முற்றி பெல்ஜிய அரசாங்கமே கவிழ்ந்தது. டச்சுப் பிரிவு லூவெனிலேயே தங்க, பிரெஞ்சுப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாகி, லூவென்-லா-நெவ் என்ற புது ஊருக்குப் பெயர்ந்தது. நூலகத்து நூல்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து இரு பிரிவுகளுக்கும் பிரித்த கதையை எல்லாரும் சொல்வார்கள், பேராசிரியருக்கு அலுத்திருக்கும். ஒரே வரியில் முடியுங்கள்.

நிர்வாக அமைப்பு சுலபம். பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குக் கீழே மூன்று பெரும் பிரிவுகள்: கலைப் பாடங்களும் சமூக அறிவியலும், அறிவியலும் தொழில்நுட்பமும், உயிர்மருத்துவம். கற்பித்தல் ஃபேக்கல்டி எனும் புலத்தின் பொறுப்பு, ஆராய்ச்சி துறைகளின் பொறுப்பு. இறையியலில் அரசு அங்கீகரிக்கும் பட்டத்தோடு திருச்சபைப் பட்டமும் உண்டு. "கத்தோலிக்க" என்ற பெயர் இன்று எங்கே செயலில் இருக்கிறது என்று கேட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தேர்வுகள் ஜனவரியிலும் ஜூனிலும் நடக்கும். தவறினால் மறுதேர்வு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். ஜூன் முடிவு தெரியும் முன் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.