எம்.டி. ரேடியாலஜி பிராக்டிகல்: எம்.எஸ். கேஸ் வந்தால்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். ஜூனியர்கள் நியூரோவைப் பற்றியே கேட்பதால் அதை மட்டும், அதிலும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புறை சிதையும் நோய்) கேஸை வைத்து எழுதுகிறேன்.

லாங் கேஸில் எனக்கு விழுந்தது ஓர் இளம்பெண்ணின் மூளை எம்.ஆர்.ஐ. ஃபிளேரில் (பாதிப்பை வெள்ளையாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகை) அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். எக்ஸாமினர் எடுத்த எடுப்பில், "இது ஏன் மைக்ரேனாக இருக்கக் கூடாது?" என்றார். நான் சஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டு) ஃபிளேரைக் காட்டினேன். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் அடிவிளிம்பை ஒட்டி, வென்ட்ரிக்கிளுக்கு (மூளைக்குள் உள்ள திரவ அறை) செங்குத்தாக எழும் நீள்வட்டங்கள்; எம்.எஸ்.ஸின் அடையாளமான டாசன் ஃபிங்கர்ஸ். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் சுலபமான கேள்விகள்தான்.

சஜிட்டல் ஃபிளேரைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். புள்ளி எத்தனை என்பது அப்புறம், முதலில் எங்கே என்று சொல்லுங்கள்.

எம்.எஸ்.: வென்ட்ரிக்கிளை ஒட்டி, கார்ட்டெக்ஸை (மூளையின் மேலடுக்கு) தொட்டு, பான்ஸின் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) ஓரத்தில். முதுகுத்தண்டில் சின்னதாக, பக்கவாட்டில்.

பிரஷர், சுகர்காரர்களின் சிறு ரத்தக்குழாய் நோய்: பான்ஸின் நடுவில். கார்ட்டெக்ஸுக்கு அடியில் ஓடும் யூ ஃபைபர்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

மாக் (MOG ஆன்டிபாடியால் வரும் நரம்புறை நோய்): ஆப்டிக் நரம்பின் முன்பகுதி, உறையோடு சேர்ந்து என்ஹான்ஸ் ஆகும் (கான்ட்ராஸ்ட் கொடுத்தால் பளிச்சிடும்).

சூசாக் (மூளை, கண், காதின் சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய்): கலோசத்தின் நடுவே பனி உருண்டை போன்ற புள்ளிகள்.

டிபி: நம்மூரில் இதைச் சொல்லாமல் விடவே கூடாது. டியூபர்குலோமாவில் (டிபி கட்டி) கான்ட்ராஸ்டில் பளிச்சிடும் வளையம் முழுசாக இருக்கும். எம்.எஸ்.ஸில் வளையம் திறந்திருந்தால், திறப்பு கார்ட்டெக்ஸ் பக்கம்.

அடுத்து சென்ட்ரல் வெயின், அதாவது எம்.எஸ். புள்ளியின் நடுவே ஓடும் சிரை. 2017 மெக்டொனால்டில் (எம்.எஸ்.ஸைக் கண்டறியும் விதிகள்) இல்லை, 2024 திருத்தத்தில் சேர்ந்துவிட்டது. எஸ்.டபிள்யூ.ஐ.யில் (சிரைகளைக் கருப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகை) லீஷனின் (பாதிப்புப் புள்ளி) நடுவே மெல்லிய கருப்புக் கோடு ஓடும். குறுக்கே வெட்டினால் அதே கோடு புள்ளியாகத் தெரியும். இரண்டு தளத்திலாவது தெரிந்தால்தான் கணக்கு. 3 மி.மீ.க்குக் குறைந்த லீஷனையும், ஒன்றோடொன்று கலந்துபோனதையும் சேர்க்கக் கூடாது.

தனியாகப் படித்தால் எனக்கு எதுவும் நிற்காது. பழைய வண்ணாரப்பேட்டை ரூமில் டியூட்டி முடிந்ததும் ஒருவர் படம் போட, மற்றவர் சத்தமாக ரிப்போர்ட் சொல்வோம். காசிமேட்டில் மீன் ஏலம் ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் படுக்கை. நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்). மூன்று முள்ளெலும்பு உயரமோ அதற்கு மேலோ நீளும் தண்டுவட லீஷன், ஏரியா போஸ்ட்ரீமாவில் (மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடம்) லீஷன். ஹிஸ்டரியில் நிற்காத விக்கலோ வாந்தியோ இருக்கிறதா பாருங்கள். ஆக்வாபோரின்-4 ஆன்டிபாடி கேட்டு எழுதுங்கள். எம்.எஸ். என்று நினைத்து அதற்கான மருந்தான இன்டர்ஃபெரான் கொடுத்தால் இவர்களுக்கு நோய் முற்றக்கூடும். இதை வைவாவில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.