இருந்தது, பெயர்தான் வேறு

விண்டோஸ் 11-க்கு என் கம்ப்யூட்டர் தகுதியில்லை என்று வந்ததும் புது மதர்போர்டு தேடத் தொடங்கிவிட்டேன். அவசரக்குடுக்கை! ரன் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி என்று அடித்துப் பார்த்தேன். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் (ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் வசதி) இல்லவே இல்லை என்றது. ஆனால் என்னுடையது இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசசர். தனிச் சிப் இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேருக்குள்ளேயே (வன்பொருளோடு வரும் அடிப்படை மென்பொருள்) டிபிஎம் 2.0 இருக்க வேண்டுமே? கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் பயாஸுக்குள் போய்த் துழாவினால், பிடிடி என்று இன்டெல் வைத்த பெயரில் ஒளிந்துகொண்டிருந்தது (ஏஎம்டி வைத்திருப்பவர்கள் எஃப்டிபிஎம் என்று தேடவும்). ஆன் செய்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் பதிப்பு 2.0 என்று காட்டியது.

அடுத்து விண்டோஸ் 11 கேட்கும் இன்னொன்று: செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் வசதி). அதற்கு பழைய 'லெகசி' முறை ஆகாது, புதிய யுஇஎஃப்ஐ முறை வேண்டும். சிஸ்டம் விவரம் காட்டும் எம்எஸ்இன்ஃபோ32-இல் பயாஸ் மோட் 'லெகசி' என்றிருந்தது. டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறையை, பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்றாமல் யுஇஎஃப்ஐ-க்குத் தாவினால் விண்டோஸே எழாது. பேக்கப் எடுத்தாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்யும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை நாளை இரவு ஓட்டப்போகிறேன்.