ஒரு பக்கத்தில் எழுதுங்கள், டீச்சர்

பணி ஓய்வு பெற்றதிலிருந்து, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டிற்கு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் வருகிறார்கள். தம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அதைத் தலைமையாசிரியரிடமோ வட்டாரக் கல்வி அலுவலரிடமோ, உதவ முன்வரும் நிறுவனத்தாரிடமோ எப்படி எடுத்துச் சொல்வது என்பதில் தடுமாறுகிறார்கள். ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகச் சென்ற காலத்தில், நல்ல யோசனைகள் பல அந்தந்த வகுப்பறையோடு நின்றுபோனதைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சென்ற ஆண்டு, முதுநகர்ப் பக்கத்துக் கடலோரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை, தம் யோசனையை விளக்கி அனுமதியும் உதவியும் கேட்கும் நான்கு பக்கக் கருத்துரு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு பக்கங்களில் கல்வியின் சிறப்பும், மூன்றாவதில் தொலைக்காட்சி, பிரிண்டர், நாற்காலிகள் என்று தேவைப் பட்டியலும் இருந்தன. நான்காம் பக்கத்தின் அடியில், மாணவர்கள் சிலர் தாமதமாக வருவதால் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்து, "எத்தனை பேர், டீச்சர்?" என்று கேட்டேன். "நிறைய பேர் சார்" என்றவர், பெயர்களைச் சொல்லச் சொன்னதும், ஆறு பிள்ளைகளின் பெயரை மூச்சு விடாமல் சொன்னார். அவர்களில் நால்வர் பெண் பிள்ளைகள் என்பதும், அந்த நால்வருக்கும் வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு பக்கத்தில் இல்லாத கருத்துரு அவர் வாயில் இருந்தது.

அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், அதனால் எந்தப் பாடத்தை இழக்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாட்களில் தாமதமாக வந்தவர் ஒருவரோ இருவரோதான். ஆசிரியைக்குத் தம் எண்ணமே தவறோ என்ற ஐயம் வந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும், அதே நோட்டில் ஆறு பெயர்களும் நாள்தோறும் ஏறின. தாய்மார்கள் விடியுமுன் துறைமுகத்து ஏலத்திற்குப் போய்விட, மூத்த பெண் தம்பி தங்கையைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள். அவள் வருவதற்குள் முதல் பாடவேளையான தமிழ் வாசிப்பு முடிந்துவிடுகிறது. மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறப்படும் காலை உணவும் அவளுக்குக் கிடைப்பதில்லை. 2022-இல் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் வந்த அரசின் காலை உணவுத் திட்டத்தின் உணவு, அது மிகவும் தேவைப்படும் பிள்ளைக்கே எட்டாமல் போனதை அந்த நோட்டுதான் எங்களுக்குக் காட்டியது.

இதற்குத் தொலைக்காட்சி எதற்கு? கருத்துரு ஒரு பக்கமாகச் சுருங்கியது. மேலே ஆறு பிள்ளைகளின் வருகை விவரம். அதன் கீழே, வாசிப்பை மதிய உணவுக்குப் பின் மாற்றிக்கொள்ள ஒரு மாத அனுமதி. கடைசியில், மாத முடிவில் ஆறு பேரையும் ஒரே பத்தியை வாசிக்கச் செய்து பார்ப்பது. மாநிலம் முழுவதற்குமான மாற்றத்தை யாரும் முதல் நாளே கேட்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறைகூட 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செய்து பார்க்கப்பட்ட பிறகுதான், 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. ஒரு வகுப்பு, ஒரு மாதம் என்று கேட்டால், மறுப்பதற்குத் தலைமையாசிரியருக்கும் காரணம் குறைவு. அவர் அன்றே ஒப்புதல் தந்தார்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் பேசுவதற்குத்தான் ஆசிரியை மிகவும் அஞ்சினார். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். எனவே 'கற்றல் அடைவு', 'இடைநிற்றல் அபாயம்' போன்ற சொற்களை விட்டுவிட்டு நோட்டை மட்டும் விரித்துக் காட்டும்படி சொன்னேன். அவர் அப்படியே செய்தார். சிறிது நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு மீன் விற்கும் தாய் ஒருவர், "நாங்க ஏலத்துக்கு முறை வெச்சிப் போறோம் டீச்சர், போகாதவ புள்ளைங்கள அங்கன்வாடில உடட்டும்" என்றாராம். அந்தத் தீர்வு எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. யோசனையை எடுத்துரைப்பது என்பதை, கேட்பவர் அதைத் திருத்தித் தருவதற்கான இடமாகவும் நான் பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இப்போது ஆறு பேரில் நால்வர் மணி அடிப்பதற்கு முன்பே தட்டோடு வரிசையில் அமர்கிறார்கள்; மூவர் பத்தியைத் தடையின்றி வாசிக்கிறார்கள். இருவருக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் குழம்புகின்றன. அவர்களுக்காக வரும் சனிக்கிழமை மீண்டும் வருவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். நோட்டையும் எடுத்து வருகிறார்.