அம்மா தேடுனது எங்க போச்சு

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு வந்து வச்சேன், அம்மா போன நீட்டி "டேய், அந்த டெலிவரி ஆப்ப அழிச்சிட்டேன், இனிமே என்னப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா ஆண்ட்ராய்டு போன்ல கூகுளோட ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் (ஆப்ப ஆளுங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு எண்ணி ஆப் செஞ்சவங்களுக்குச் சொல்ற டூல்) இருக்குற ஆப்ப அழிச்சா, அழிச்சதே 'ஆப் ரிமூவ்'னு ஒரு ஈவென்ட்டா, அதாவது நடந்த ஒரு விஷயமா பதிவாகும்.

நம்பல. சரின்னு எங்க ஆபீஸ் டெஸ்ட் ஆப்ப அவங்க போன்ல போட்டு, கேபிள் மாட்டி, ஆப்ப சோதிச்சுப் பாக்குற டீபக் மோட் ஆன் பண்ணி லேப்டாப்ப பக்கத்துல வச்சேன். தொறந்தாங்க, 'ஃபர்ஸ்ட் ஓபன்' வந்துச்சு. பக்கம் மாத்துனாங்க, 'ஸ்கிரீன் வியூ'. எந்தப் பக்கத்துல எவ்ளோ நேரம் நின்னாங்கன்னு மில்லிசெகண்ட் கணக்குல. இதெல்லாம் நாங்க ஒரு வரி கோடு கூட எழுதாம தானா வர்றது. மத்த நேரத்துல பேட்டரி மிச்சமாகட்டும்னு சேத்து வச்சு ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவ மூட்டையா அனுப்பும், டீபக்ல மட்டும்தான் உடனுக்குடன். போனோட இன்டர்நெட் முகவரியான ஐபிய வச்சு ஊரும் கண்டுபிடிக்கும், ஆனா இங்க ஊரும் சிங்கப்பூர் நாடும் சிங்கப்பூர், அந்த ரிப்போர்ட்ட எங்க ஆபீஸ்ல யாரும் தொறக்குறதே இல்ல.

"என் பேரு எங்கடா?"ன்னு கேட்டாங்க. பேரு கிடையாதும்மா, ஆப்ப போட்டதும் உங்க போனுக்குன்னு ஒரு நீள நம்பர் குடுத்துரும், எல்லாம் அதுக்குக் கீழதான்னேன். இத பெருமையா சொல்லிட்டு இருக்கும்போதே அவங்க என்ன பண்ணாங்கன்னா, பழைய ஆர்டர தேடுறேன்னு சர்ச் பாக்ஸ்ல அவங்க போன் நம்பரையே அடிச்சுட்டாங்க, ரெண்டு செகண்ட்ல எட்டு இலக்கமும் என் ஸ்கிரீன்ல வந்து நிக்குது! இது தானா வந்தது இல்ல. தேடுற வார்த்தைய அப்படியே அனுப்புன்னு எழுதுனது நாங்க, சரியா சொன்னா நான். போன் நம்பர், ஈமெயில் மாதிரி ஆள அடையாளம் காட்டுறத அனுப்பக்கூடாதுன்னு கூகுள் விதியிலயே இருக்கு. டூல திட்டுறோம், உள்ள என்னத்த போடுறோம்னு பாக்குறதில்ல.

அவங்க போன்ல செட்டிங்ஸ் போய் விளம்பர ஐடிய, அதாவது விளம்பரக் கம்பெனிங்க போன அடையாளம் வச்சுக்குற நம்பர, டிலீட் பண்ணிக் குடுத்தேன், புது ஆண்ட்ராய்டுல அது வெறும் சைபரா ஆயிடும். ஐபோன்ல 2021லேர்ந்து ட்ராக் பண்ணலாமான்னு ஆப்பே கேட்டாகணும், ஆனா ஆப்புக்குள்ளயே எண்ணுற இந்தக் கணக்கு அதுல நிக்காது.

திங்கக்கிழமை மொத வேலையா அந்த வரிய எடுத்துட்டேன். மார்க்கெட்டிங் ஆளுங்க இன்னும் கோவமா இருக்காங்க. அம்மா அந்த டெலிவரி ஆப்ப திரும்ப போட்டுட்டாங்க, கூப்பன் வந்துச்சாம்.