லைரில் டோரியன் சுருதி கூட்டுதல்

முதலில் ஒன்று: டோரியன் என்ற பெயரில் இரண்டு சுரவரிசைகள் உண்டு. பண்டைய கிரேக்க டோரியன் வேறு, பிற்கால ஐரோப்பியத் தேவாலய இசையின் டோரியன் வேறு. கிரேக்கருடையது பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் ஈ முதல் ஈ வரை. கமகம் இல்லாமல் சுரத்தானங்களை மட்டும் பார்த்தால் நம் தோடி!

எட்டு நரம்பு லைரில் (யாழ் போன்ற கிரேக்க நரம்புக் கருவி) கீழ்ச் சுரத்திலிருந்து நாலாவதான ‘மெசே’ நரம்பை ஏ-யில் நிறுத்துங்கள். அதிலிருந்து ச–ம தூரம் கீழே கடைசிக் கீழ்ச் சுர நரம்பான ஹுபாத்தே, ச–ப தூரம் மேலே கடைசி மேல் சுர நரம்பான நேத்தே. இந்த இரண்டும் மேல் ச, கீழ் ச போலப் பிசிறில்லாமல் சேராவிட்டால் மேலே போகாதீர்கள், எல்லாம் கோணும். நேத்தேயிலிருந்து ச–ம இறங்கினால் மெசேக்கு அடுத்த மேல் நரம்பான பாரமெசே. மீதி நாலு நரம்புக்கும் மெசேயிலிருந்து ம ஏறி, ப இறங்கி, மறுபடி ம ஏறி, ப இறங்கினால் டி, ஜி, சி, எஃப் வரிசையாக வந்துவிடும்.

அரை சுரத்தையும் இரண்டாகப் பிரிக்கும் ‘என்ஹார்மோனிக்’ வகை வேண்டுமா? ஜி-யில் நிற்கும் லிக்கானோசை அந்த எஃப்புக்கே இறக்குங்கள். எஃப்பில் இருந்த பார்ஹுபாத்தே ஈ-க்கும் எஃப்புக்கும் நடுவே போகும். மேல் நாலு நரம்பிலும் இதே வேலை. பண்டைய கிரேக்க அறிஞர் ஆர்க்கிட்டஸின் கணக்கில் (கீழிருந்து அடுத்தடுத்த இடைவெளிகளின் விகிதம் 28:27, 36:35, 5:4) லிக்கானோஸ் இந்த எஃப்பைவிட ஏறக்குறைய 22 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரம்; அதுதான் காதுக்கு இதம்.

நரம்புகளை இவ்வளவு தளர்த்தினால் நரம்புகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான நுகத்தடியின் மீதுள்ள இழுவை குறைந்து மற்றவை லேசாக ஏறும். ஆகவே மெசேயிலிருந்து இன்னொரு சுற்று சரிபாருங்கள். குடல் நரம்பு என்றால் ஈரக்காற்றிலும் நழுவும். எப்போதும் கீழிருந்து ஏற்றியே சுருதியில் நிறுத்துங்கள்.